சொட்டை விழாத தகடு

“சொட்டையே விழாது என்றால், விழுந்த அடியை அது எங்கே வாங்கி வைக்கும் கண்ணு?”

கார்பன் ஃபைபரில் செய்த ஒரு கார் பானெட்டைப் பார்த்துவிட்டு என் அப்பா கேட்ட கேள்வி. சொட்டை என்றால் அடிபட்ட தகட்டில் விழும் குழி. கேட்டு இரண்டு வருடங்கள் ஆகின்றன. அன்று நான் சொன்ன பதில் தவறு என்பது சொன்ன நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சரியான பதில் கிடைக்க மூன்று மாதங்கள் பிடித்தன. அந்த மூன்று மாதங்களில், கார்பன் ஃபைபர் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவற்றில் பாதியைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்ட வேண்டியிருந்தது.

அப்பா கோயம்புத்தூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பத்திரண்டு வருடத் தொழில். மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வேப்ப மரத்தடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இடம். நான் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் போவது சிறுவயதுப் பழக்கம். அப்படி ஒரு ஞாயிறு மாலை இளைஞர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். பானெட் மட்டும் வண்டியின் நிறத்தோடு சேராத கறுப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் பாய் முடைந்ததுபோல இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மேலே கண்ணாடிபோல வார்னிஷ். அவிநாசி சாலை சிக்னல் ஒன்றில் முன்னால் நின்ற சரக்கு வண்டி பின்னால் உருண்டு வந்து, அதன் இரும்புச் சட்டத்தின் மூலை பானெட்டின் முன்விளிம்பில் முட்டியிருக்கிறது. ஒரு விரல் நீளத்துக்குக் கீறல், அவ்வளவுதான். “பாலிஷ் போட்டுக் கொடுத்தால் போதும் ஐயா. இது ஃபார்முலா ஒன் காரில் போடுகிற கார்பன். இரும்பாக இருந்திருந்தால் மடங்கிப் போயிருக்கும்” என்றார். அப்பா விரல் முட்டியால் பானெட்டை இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தார். அந்தத் தம்பி டீ குடிக்க வெளியே போனதும்தான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அப்பாவுக்குச் சொட்டை என்பது வெறும் சேதமில்லை, சாட்சி. எந்தப் பக்கமிருந்து மோதியது, எவ்வளவு வேகம், மோதும்போது பிரேக் பிடித்திருந்தாரா என்பதையெல்லாம் அவர் தகட்டின் மடிப்பில் படித்துவிடுவார். ஒருமுறை, முன்பகுதி முழுவதும் சுருண்டுபோன ஒரு காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஓட்டியவர் பிழைத்திருக்கமாட்டார் என்றார்கள். அப்பா கதவைத் திறந்து பார்த்தார். அது சாதாரணமாகத் திறந்தது. “ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முன்பக்கமே எல்லாவற்றையும் குடித்துவிட்டது” என்றார். அவர் சொன்னபடியே, ஓட்டியவர் கையில் ஒரு கட்டோடு மறுவாரம் பட்டறைக்கு வந்தார். இந்தக் ‘குடிப்பது’ என்ற சொல் அவருடையது. தகடு மடியும்போது அடியைக் குடிக்கிறது, குடித்தது போக மிச்சம்தான் ஆளுக்குப் போகிறது. பொறியியல் வகுப்பில் ஆற்றல் உட்கவர்தல் என்று இரண்டு பருவம் படித்ததை அவர் ஒரே வினைச்சொல்லில் வைத்திருந்தார்.

அதனால்தான் சொட்டை விழாத பொருள் அவரைத் தொந்தரவு செய்தது. “அது இரும்பைவிடப் பலம் அப்பா” என்றேன். “பலம் வேறு, வாங்கிக்கொள்வது வேறு. கல்கூடத்தான் பலம்” என்றார். எனக்கு மேற்கொண்டு பேச்சு வரவில்லை.

ஒற்றைக் கையில் ஒரு பானெட்

இந்தப் பொருளின் மேல் எனக்கு இருக்கும் மரியாதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் பாலிஷ் வேலைக்காக பானெட்டைக் கழற்றியபோது நான் ஒற்றைக் கையால் அதைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அதே மாதிரிக் காரின் இரும்பு பானெட் என்றால் அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.8 கிராம், அலுமினியம் 2.7, பிசினோடு சேர்ந்த கார்பன் ஃபைபர் சுமார் 1.6. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் உறவுக்கார நூல்தான் இதற்கு மூலப்பொருள். அதை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரியில் வறுத்து, பிறகு காற்றே இல்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால், கார்பன் தவிர ஏறக்குறைய எல்லாம் ஓடிவிடும். மிஞ்சும் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. இழுத்தால் எஃகு தோற்கும். ஆனால் அந்தப் பலம் இழை ஓடும் திசையில் மட்டும்தான் உண்டு. குறுக்கே பலம் வேண்டுமென்றால் குறுக்கே இன்னோர் அடுக்கு போடவேண்டும். அடுக்குகளை ஒட்டி நிறுத்துவது எபாக்ஸி பிசின். இழையைப் பற்றி எவ்வளவு பெருமை பேசினாலும், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருப்பது அந்தப் பிசின்தான். பின்னால் இது முக்கியமாகும்.

எடை குறைவதால் கிடைக்கும் நன்மை உண்மையானது. காரின் எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 விழுக்காடு மேம்படும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. எடை குறைந்த வண்டி சீக்கிரம் நிற்கும், வளைவில் சொன்னபடி கேட்கும். சுவரிலோ புளியமரத்திலோ மோதினால் குடிக்கவேண்டிய அடியின் அளவே குறைந்திருக்கும். எந்த இடத்தில் எடையைக் குறைக்கிறோம் என்பதும் கவனிக்கவேண்டியது. 2003ல் பிஎம்டபிள்யூ தன் எம்3 சிஎஸ்எல் காரைச் சாதாரண எம்3யைவிட 110 கிலோ குறைத்துச் செய்தது. அதில் கூரை கார்பன் ஃபைபர். கூரையில் மட்டும் குறைந்தது சில கிலோதான். ஆனாலும் அது வண்டியின் உச்சந்தலையில் இருக்கும் சில கிலோ. அங்கே எடுத்தால் எடையின் மையம் கீழே இறங்குகிறது. இப்படி யோசித்து வைக்கிற கார்பனை நான் மனமார மதிக்கிறேன். அந்தத் தம்பியின் பானெட்டில் மிச்சமானது பத்து கிலோகூட இருக்காது. ஆயிரத்து நூறு கிலோ காரில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பின்சீட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி வைத்தாலே கிடைத்துவிடும்.

அப்பாவுக்கு முன்பே கேட்டவர்கள்

அன்றிரவு தூக்கம் பிடிக்காமல் பழைய விஷயங்களைத் தேடிப் படித்தபோது, அப்பாவின் கேள்வி ஐம்பது வருடப் பழையது என்று தெரிந்தது. 1960களின் கடைசியில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்பி211 விமான எஞ்சினின் முன்விசிறி இதழ்களை ஹைஃபில் என்ற கார்பன் ஃபைபர் கலப்பில் செய்தது. எடை பிரமாதமாகக் குறைந்தது. மற்ற சோதனைகளைத் தாங்கிய இதழ்கள், ஓடும் எஞ்சினுக்குள் பறவை புகுந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனையில் 1970ல் சிதறிப்போயின. டைட்டானியத்துக்கு மாறவேண்டி வந்தது. அந்த எஞ்சினின் செலவு தலைக்குமேல் போய், 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது. இழுவையைத் தாங்கிய பொருளால் ஒரு திடீர் அடியை வாங்கிக்கொள்ள முடியவில்லை. பலம் வேறு, வாங்கிக்கொள்வது வேறு.

பத்து வருடம் கழித்து மக்லாரன் என்ற ஃபார்முலா ஒன் பந்தய அணிக்காக ஜான் பர்னார்ட் என்ற வடிவமைப்பாளர் எம்பி4/1 காரின் உடற்கூட்டை முழுக்கக் கார்பன் ஃபைபரில் செய்ய முனைந்தார். பந்தய உலகில் பலர் பயந்தார்கள். மோதினால் கூடு தூளாகிவிடும், உள்ளே இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார்கள். கூட்டைச் செய்து தந்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த ஹெர்குலஸ் என்ற விண்வெளித்துறை நிறுவனம். 1981 செப்டம்பரில் இத்தாலியின் மான்சா ஓடுகளத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய அந்தக் கார், லெஸ்மோ வளைவிலிருந்து வெளியே வரும்போது சுழன்று தடுப்பில் மோதியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பிய்ந்து தனியே பறந்தன. பார்த்தவர்கள் வாட்சன் போய்விட்டார் என்றே நினைத்திருப்பார்கள். அவர் கூட்டிலிருந்து இறங்கி நடந்து வந்தார். அன்றிலிருந்து பந்தய உலகில் அந்தப் பேச்சு ஓய்ந்தது. 2020ல் பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரொமெய்ன் குரோஜானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தபோதும் அவரைச் சுற்றியிருந்த கார்பன் கூடு உடையவில்லை. தலைக்குமேல் தடுப்பை விலக்கிய வளையம் டைட்டானியம், அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆக ஒரே பொருள், ஓரிடத்தில் சிதறி நிறுவனத்தையே கவிழ்க்கிறது. இன்னோரிடத்தில் ஆளைக் காப்பாற்றுகிறது. இதைப் படித்து எனக்குக் குழப்பம் கூடியதே தவிரத் தீரவில்லை.

இரண்டு குழாய்கள்

தீர்த்து வைத்தவன் என் அக்கா மகன். உள்ளூர்ப் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம். மாணவர்களே கார் செய்து ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்கான அணியில் இருந்தான். கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வே ஓடுகளத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக ராத்திரி பகலாக வேலை. பட்டறைக்கு வந்தவன் சுவரில் சாய்த்திருந்த கறுப்பு பானெட்டைப் பார்த்தான். அப்பா அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவன் விளக்கம் சொல்லத் தொடங்கி, நிறுத்திவிட்டு, “அப்புச்சி, புதன்கிழமை காலேஜுக்கு வாருங்கள். மாமா, நீங்களும் வாருங்கள். காட்டிவிடுகிறேன்” என்றான்.

அந்தப் போட்டியின் விதி இது: காரின் மூக்கில் ஒரு மோதல் தாங்கி இருக்கவேண்டும். 300 கிலோ வண்டி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதாக வைத்துக்கொண்டு, குறைந்தது 7,350 ஜூல் ஆற்றலை அது வாங்கிக்கொள்ளவேண்டும். அதைவிட முக்கியமானது, வாங்கும் விதம். ஓட்டுநர் உணரும் வேகக்குறைப்பு சராசரியாகப் புவியீர்ப்பின் இருபது மடங்கைத் தாண்டக்கூடாது, உச்சத்தில் நாற்பது மடங்கைத் தாண்டக்கூடாது. எவ்வளவு குடிக்கிறாய் என்பதோடு, மடக்கு மடக்காகக் குடிக்கிறாயா என்றும் விதி கேட்கிறது. மாணவர்கள் கார்பன் குழாய்களை வைத்துச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவில் துறை ஆய்வகத்தில், கான்கிரீட் கட்டிகளை நசுக்கும் அழுத்த இயந்திரம். சுற்றிலும் கம்பிவலை. அக்கா மகன் எங்கள் மூக்கில் முகக்கவசம் மாட்டினான். கார்பன் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது, மின்சாரத்தைக் கடத்துவதால் கருவிகளுக்கும் ஆகாது என்றான். மேசைமேல் இரண்டு குழாய்கள். ஒரே துணி, ஒரே பிசின், ஒரே அச்சில் ஒரே நாளில் சுட்டவை. கைப்பிடி அளவு பருமன், இரண்டு மில்லிமீட்டர் தடிமன். ஒன்றின் இரு முனைகளும் நேராக வெட்டப்பட்டிருந்தன. இன்னொன்றின் மேல்முனையை மட்டும் அரத்தால் ராவி, பென்சில் சீவியதுபோல விளிம்பைச் சாய்த்திருந்தார்கள். வேறு எந்த வித்தியாசமும் இல்லை. அப்பா இரண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அந்தச் சாய்ந்த விளிம்பை விரலால் தடவினார், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார்.

முதலில் நேர்முனைக் குழாய். இயந்திரத்தின் மேல்தட்டு மெல்ல இறங்கியது. திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. நான்கு டன், ஆறு, எட்டு. குழாய் அசையவே இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. பத்து டன்னை நெருங்கும்போது பட்டாசு வெடித்தாற்போல ஒரு சத்தம். குழாய் நடுவில் பிளந்து, ஒரு சில்லு கம்பிவலையில் வந்து அடித்துக் கீழே விழுந்தது. திரையில் எண் ஒரே பாய்ச்சலாக அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அப்பா மெதுவாகச் சொன்னார்: “இது ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. வந்த அடியை முழுசாக உள்ளே தள்ளிவிட்டு, தானும் செத்துப்போய்விட்டது.” அந்த வரைகோட்டை அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. உடையும்வரை வண்டியின் மேல் பத்து டன், உடைந்த பிறகு தடுப்பதற்கு ஆளே இல்லை.

பிறகு விளிம்பு ராவிய குழாய். இதில் எண் மூன்று டன் வரை ஏறியது, நின்றது. காய்ந்த பனையோலையைக் கிழிப்பதுபோல ஒரு சரசரப்பு தொடங்கியது. தட்டு இறங்க இறங்க, குழாயின் மேல்முனை இதழ் இதழாக வெளிப்பக்கமும் உள்பக்கமும் பிரிந்து சுருண்டது. இதழ்களின் அடியிலிருந்து கறுப்புத் தூள் நிற்காமல் உதிர்ந்தது. அடுக்கு அடுக்காகப் பிசின் விட்டுப்போகிறது, இழை இழையாக ஒடிகிறது, ஒடிந்த இழைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அவ்வளவுக்கும் எண் மூன்று டன் பக்கத்திலேயே சிறு சிறு துடிப்புகளோடு நின்றது. பத்து சென்டிமீட்டர் இறங்கும்வரை நின்றது. நான் திரையைப் பார்த்தேன். அப்பா குழாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தி, தட்டை உயர்த்தி, அக்கா மகன் மிச்சத்தைக் கையுறையோடு எடுத்துக் கொடுத்தான். மேலே கருகிய தாமரைபோல ஒரு கொத்து. அதற்கு இரண்டு விரல் கீழே குழாய் புத்தம் புதிதாக, கீறல்கூட இல்லாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு காகிதத்தில் தூள்.

“அடி இந்தத் தூளில் இருக்கிறது” என்றார் அப்பா. கேட்டவரே பதிலையும் கண்டுபிடித்துவிட்டார்.

வீடு திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று டன் விசையில் பத்து சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 3,000 ஜூல். 300 கிலோவை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் விழும் அடி. அதைக் குடித்தது ஐம்பது கிராமுக்கும் குறைவான கார்பன். மடிந்து மடிந்து நசுங்கும் எஃகுக் குழாய் அதே எடைக்கு இதில் பாதியைக் குடிப்பதே கடினம். இரும்பு வளைந்து குடிக்கிறது, கார்பன் உடைந்து உடைந்து குடிக்கிறது. ஒழுங்காக உடையக் கற்றுக்கொடுத்தால் இதைப்போலக் குடிக்கும் பொருள் குறைவு. கற்றுக்கொடுக்காவிட்டால் ஒன்றுமே குடிக்காது. அந்தப் பாடம் அன்று ஓர் அரத்தால் ராவிய இரண்டு மில்லிமீட்டர் விளிம்பில் இருந்தது. அதனால் ‘கார்பன் ஃபைபர் பாதுகாப்பானதா’ என்ற கேள்வியையே நான் இப்போது ஏற்பதில்லை. யார் அதன் விளிம்பை ராவினார்கள், எங்கே வைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

தோலும் கூடும்

இங்கேதான் பெரும்பாலான பேச்சு திசை மாறிப்போகிறது. பானெட், மட்கார்டு, கூரை, டிக்கி மூடி ஆகியவை காரின் தோல். ஆளைச் சுற்றி இருப்பது கூடு. வாட்சனைக் காத்தது கூடு. கடையில் வாங்கி மாட்டுகிற கார்பன் பானெட் தோல். இரண்டிலும் ஒரே நெசவு தெரிவதால் ஒன்றின் புகழ் இன்னொன்றில் ஒட்டிக்கொள்கிறது. 2013ல் வெளிவந்து 2022 வரை லைப்சிக் ஆலையில் செய்யப்பட்ட பிஎம்டபிள்யூ ஐ3 காரை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓடிய கார்களில் கார்பன் ஃபைபர் கூட்டை இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் கொண்டுவந்த வண்டி வேறு இல்லை. அதில் பயணிகள் உட்காரும் கூடு முழுக்கக் கார்பன். ஆனால் வெளியே கைபடும் கதவுத் தோலும் மட்கார்டும் பிளாஸ்டிக். முன்னாலும் பின்னாலும் மோதலைக் குடிக்கும் வேலை அலுமினியத்துக்கு. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “சொட்டை விழுகிறதை வெளியே வைத்து, விழாததை ஆளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். தொழில் தெரிந்தவன்” என்றார். புதுக் கார்களை மோதவிட்டு மதிப்பெண் தரும் ஐரோப்பிய என்கேப் சோதனையில் அந்தக் கார் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. உள்ளிருக்கும் பெரியவர்களின் பாதுகாப்புக்கு 86 விழுக்காடு, மோதப்படும் பாதசாரிக்கு 57. கூடு நன்றாக இருப்பது ஒன்று, தோல் வெளியாளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறொன்று.

தோலுக்கும் மோதலில் வேலை உண்டு, அதை மறக்கிறோம். கார் கம்பெனிகள் செய்யும் இரும்பு பானெட்டைத் திருப்பிப் பாருங்கள். உட்சட்டத்தில் வேண்டுமென்றே பலவீனமாக விடப்பட்ட மடிப்புக் கோடுகள் இருக்கும். நேர் மோதலில் பானெட் அந்த இடத்தில் கூரைபோல நடுவில் எழும்பி மடியவேண்டும். மடியாமல் விறைப்பாக நின்றால் அதன் பின்விளிம்பு முன்கண்ணாடியை நோக்கி வரும். பாதசாரியின் தலை பானெட்டில் விழுந்தால் தகடு குழிந்து இடம் கொடுக்கவேண்டும், எஞ்சினில் தலை முட்டும் முன்பே வேகம் குறைந்துவிடவேண்டும். இந்த இரண்டையும் யோசித்துச் செய்யப்பட்ட கார்பன் பானெட்டுகளும் உண்டு. அழகுக்காக மட்டும் செய்த பானெட்டில் மடிப்புக் கோடும் இருக்காது, குழிவும் இருக்காது. உடைந்தால் விளிம்பு கத்தி. பல சமயம் மேலே ஓர் அடுக்குக் கார்பன், அடியில் கண்ணாடி இழைதான். அப்பா இப்போது பானெட் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் கொக்கியைத் திறந்து காட்டச் சொல்கிறார். தகட்டில் வெறுமனே ஒட்டியிருக்கும் கொக்கியைப் பார்த்தால், அந்த வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வாங்கும்போது என்ன ஆகும் என்று கவலைப்படுகிறார். எனக்கும் அதே கவலை.

நம் ஊரில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புதுக் கார் வாங்கப் போனால் பானெட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறோம். குழிந்தால் ‘தகரம்’ என்று முகம் சுளிக்கிறோம். கதவைச் சாத்தும்போது வரும் சத்தத்தை வைத்து வண்டியின் உறுதியைத் தீர்மானிக்கிறோம். எடைக்கு ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1,000 கிலோ காரும் 2,000 கிலோ காரும் தலா ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், பெரிய காரின் வேகம் 33 அளவுக்கு மாறும், சின்னக் காரின் வேகம் 67 அளவுக்கு மாறும். சின்னக் காரில் இருப்பவருக்கு இரட்டிப்பு அடி. கார்பன் இந்தக் கணக்கை மாற்றாது. ஆனால் நம் நெடுஞ்சாலையில் எதிரே வருவது இருபத்தைந்து டன் லாரி. அதற்கு முன்னால் ஆயிரமும் ஆயிரத்து இருநூறும் ஒன்றுதான். அந்த நேரத்தில் கேட்கவேண்டியது கூடு நிற்குமா, சீட் பெல்ட் பிடித்ததா என்பதை மட்டும். அதைக் கட்டைவிரலால் அழுத்திக் கண்டுபிடிக்க முடியாது. 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கான பாரத் என்கேப் சோதனைத் திட்டம் தொடங்கிவிட்டது, முதலில் அதன் நட்சத்திரங்களைப் பாருங்கள்.

ஒரு ரூபாய்

பானெட்டின் கதைக்கு வருகிறேன். ஆய்வகத்திலிருந்து வந்த அன்றே அக்கா மகன் பட்டறையில் அதைப் படுக்க வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, கீறலுக்கு ஒரு முழம் தள்ளித் தட்டத் தொடங்கினான். டிக், டிக், டிக். கீறலை நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது. டிக் என்பது டப் என்று அமுங்கியது. மேலே பளபளப்பு அப்படியே இருந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிசின் விட்டுப்போயிருந்தது. விமானப் பராமரிப்பில் இன்றும் இப்படித் தட்டிப் பார்க்கிறார்கள், அதன் பிறகுதான் அல்ட்ராசவுண்ட் கருவி. அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. சந்தையில் சட்டி வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்ப்பதை நாற்பது வருடமாகப் பார்த்தவர். நாணயத்தை வாங்கி, தலையைச் சாய்த்து, காதைத் தகட்டுக்கு நெருக்கிவைத்துத் தட்டினார். தட்டிக்கொண்டே மற்றக் கையால் சாக்பீஸ் கோடு போட்டார். கோடு மூடியபோது, விரல் நீளக் கீறலைச் சுற்றி விரித்த உள்ளங்கையைவிடப் பெரிய வட்டம் இருந்தது. இரும்பு தான் பட்ட அடியை வெளியே காட்டிவிடும். இது பிசினுக்குள் வைத்து மூடிக்கொண்டது. வெறும் பாலிஷ் போட்டு அனுப்பியிருந்தால், அடுத்த குலுக்கலில் அந்த வட்டம் வளர்ந்திருக்கும்.

சரிசெய்ய வழி உண்டு. கெட்ட அடுக்குகளைப் படிப்படியாகச் சரிவாகத் தேய்த்து எடுத்து, அதே திசையில் புது இழை வைத்து, வெற்றிடப் பையில் மூடிப் பிசினை இறுகவைக்கவேண்டும். சுத்தியலுக்கும் பட்டிக்கும் அங்கே வேலையில்லை. அப்பா தன் பட்டறையில் அது ஆகாது என்று சொல்லி, கூலி எதுவும் வாங்காமல் அந்தத் தம்பியை வரச்சொன்னார்.

அவர் வந்து சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தார், நம்பவில்லை. இவ்வளவு சின்ன இடிக்கா என்றார். அப்பா விவாதம் செய்யவில்லை. நாணயத்தை அவர் கையில் கொடுத்து, “கண்ணை மூடிக்கொண்டு நீங்களே தட்டுங்கள்” என்றார். அவர் முதலில் தயங்கினார். பிறகு குனிந்து, கண்ணை மூடி, ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக். ஓரிடத்தில் கை நின்றது. பின்னால் போய் மறுபடி தட்டினார். கண்ணைத் திறந்தபோது நாணயம் அப்பாவின் கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே இருந்தது. “இங்கேயே மாறிவிடுகிறது ஐயா” என்றார். அப்பா குனிந்து அந்த இடத்தில் இரண்டு முறை தட்டிக் கேட்டார். பிறகு தன் கோட்டைக் கைத்துண்டால் அழித்துவிட்டு, சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.